ஜனவரி சீட்டை எடுக்கலாமா? கரீபியன் மருத்துவக் கல்லூரி பற்றி ஒரு தாய்க்குப் பதில்

கேள்வி: டாக்டர் சார், வணக்கம். எங்கள் மகன் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பயாலஜி முடித்தான். ஜி.பி.ஏ. (கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.45, எம்கேட் (மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு) 502. போன தடவை செப்டம்பர் கடைசியில் 18 எம்.டி. (இங்கே அதுதான் டாக்டருக்கான அடிப்படைப் பட்டம்) கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தான். ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. டி.ஓ. (ஆஸ்டியோபதி வழி டாக்டர் பட்டம்) கல்லூரிகளுக்குப் போடவில்லை, அவன் அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. இப்போது ஒரு கரீபியன் கல்லூரிக்கு விண்ணப்பித்து மூன்றே வாரத்தில் சீட் கிடைத்துவிட்டது. ஜனவரியில் வகுப்பு. 'எங்கள் மாணவர்களில் 95 சதவீதம் பேர் ஸ்டெப் 1 (டாக்டர் உரிமத்துக்கான முதல் கட்டத் தேர்வு) பாஸ்' என்கிறார்கள். இரண்டு வாரத்துக்குள் சரி என்று சொன்னால் ஸ்காலர்ஷிப்பும் உண்டாம். டெபாசிட் கட்டிவிட்டோம். வீட்டின் மேல் கடன் வாங்கி மீதியைச் சமாளிக்கலாம் என்கிறார் என் கணவர். என் நாத்தனார் மகள் இப்படித்தான் போய்ப் படித்து இன்று புளோரிடாவில் டாக்டராக இருக்கிறாள். அனுப்பலாமா, வேண்டாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். இந்த ஜனவரி சீட்டை எடுக்க வேண்டாம். கரீபியன் கல்லூரி என்றாலே ஏமாற்று என்று நினைப்பவன் இல்லை நான். உங்கள் மகன் இங்கேயே முயன்று பார்க்க வேண்டிய வழி ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வீட்டை அடகு வைக்கும் வரை போவது அவசரம்.

நான் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இங்கே வந்து ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் செய்யும் பயிற்சி) செய்தவன். இப்போது எங்கள் மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, யாரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடலாம் என்று சொல்லும் குழுவில் இருக்கிறேன். கரீபியனில் படித்தவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் எங்களிடம் உண்டு. என் வீட்டு ஆள் யாராவது நடுராத்திரியில் அட்மிட் ஆனால் இவர் டியூட்டியில் இருந்தால் தேவலை என்று நான் நினைக்கிற அளவுக்கு அவர்களில் சிலர் கெட்டிக்காரர்கள். ஆகவே உங்கள் நாத்தனார் மகள் கதையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் ஆட்களிடையே காதில் விழுவது அந்த மாதிரிக் கதைகள் மட்டும்தான். இரண்டாவது செமஸ்டரோடு திரும்பி வந்த பையனைப் பற்றி அவன் வீட்டில் வெளியே மூச்சு விடமாட்டார்கள். 'ரிசர்ச் பண்ணிக்கொண்டிருக்கிறான்' என்று முடித்துக்கொள்வார்கள்.

அந்தப் பெண்ணிடமே ஒன்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் வகுப்பில் உன்னோடு உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் உன்னோடு சேர்ந்து பட்டம் வாங்கினார்கள்? நான் சொல்லப்போகிறவை எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

இந்தக் கல்லூரிகள் எப்படி நடக்கின்றன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகம் 1948 முதல் ஜமைக்காவிலும் பிறகு டிரினிடாட், பார்படோஸிலும் அந்த ஊர் மக்களுக்காக டாக்டர்களை உருவாக்கி வருகிறது. அது வேறு விஷயம், அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நாம் பேசுவது, அமெரிக்காவிலும் கனடாவிலும் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காகவே தீவுகளில் திறக்கப்பட்ட தனியார் கல்லூரிகளைப் பற்றி. கிரெனடாவில் செயின்ட் ஜார்ஜஸ் 1976-ல் வந்தது. இரண்டு வருடம் கழித்து டொமினிகாவில் ராஸ். அப்புறம் வரிசையாகப் பல. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை சேர்க்கை நடக்கும். மாணவர் முதல் பதினாறிலிருந்து இருபது மாதம் தீவில் அனாட்டமி, ஃபிசியாலஜி, பேத்தாலஜி எல்லாம் படிப்பார். அதன் பிறகு ஸ்டெப் 1 தேர்வு. அதில் தேறினால் மீதி இரண்டு வருடம் அமெரிக்க மருத்துவமனைகளில் வார்டு பயிற்சி.

கல்லூரிக்கென்று சொந்த மருத்துவமனை இங்கே கிடையாது. பணம் கொடுத்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். 2007-ல் செயின்ட் ஜார்ஜஸ் நியூயார்க் நகரத்தின் அரசு மருத்துவமனைகளோடு பத்து வருடத்துக்குப் பத்துக் கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது அந்தக் காலத்தில் பெரிய சர்ச்சையானது. வசதியான கல்லூரி அப்படி மொத்தமாக இடம் வாங்கிவிடும். சின்னக் கல்லூரியின் மாணவன் ஆறு வாரம் புரூக்ளினில், அடுத்த ஆறு வாரம் சிகாகோவில், நடுவில் இடம் ஒதுக்கப்படாமல் இரண்டு மாதம் வீட்டில் என்று இரண்டு சூட்கேஸோடு அலைவான். அப்படி வந்தவர்களிடம் சிபாரிசுக் கடிதம் யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டால் முகம் வாடும். ஆறு வாரத்துக்கு ஒரு ஊர் மாறுகிறவனை எந்த டாக்டர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்க முடியும்?

சரி, அந்த 95 சதவீதத்துக்கு வருகிறேன். அது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உண்மையாக இருந்துகொண்டே உங்களைத் தப்பான முடிவுக்குக் கொண்டுபோகலாம்.

பல கல்லூரிகளில் ஸ்டெப் 1 எழுதுவதற்கு முன்னால் கல்லூரியே ஒரு தேர்வு வைக்கும். மாணவர்கள் 'காம்ப்' என்பார்கள். இதில் குறிப்பிட்ட மதிப்பெண் வாங்கினால்தான் ஸ்டெப் 1 எழுத அனுமதிப்பார்கள். ஒரு கணக்குக்கு, ஜனவரியில் நூறு பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். முதல் இரண்டு செமஸ்டரில் இருபது பேர் பெயிலாகியோ, பயந்தோ, பணம் தீர்ந்தோ போய்விடுகிறார்கள். இன்னொரு இருபது பேர் காம்ப் தாண்ட முடியாமல் ஒரு வருடம் சுற்றிவிட்டு விலகுகிறார்கள். மீதி அறுபது பேர் ஸ்டெப் 1 எழுதி, ஐம்பத்தேழு பேர் பாஸ். விளம்பரத்தில் 95 சதவீதம். உங்கள் மகன் சேரப்போவது அந்த அறுபது பேரில் ஒருவனாக இல்லை, நூறு பேரில் ஒருவனாக. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. உங்களுக்குச் சீட் கொடுத்த கல்லூரியின் எண்கள் இதைவிட நன்றாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கே அமெரிக்க எம்.டி. கல்லூரியில் நூறு பேர் சேர்ந்தால் ஏறக்குறைய 95 பேர் பட்டம் வாங்கிவிடுவார்கள். இதே 95, ஆனால் முதல் நாள் உட்கார்ந்த நூறு பேரில். இங்கே வடிகட்டல் வாசலிலேயே முடிந்துவிடுகிறது. தீவில் அது உள்ளே போய், கட்டணம் கட்டிய பிறகு நடக்கிறது.

சிலர் இதற்கும் மேலே போனதும் உண்டு. 2022 ஏப்ரலில் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி., செயின்ட் ஜேம்ஸ் ஸ்கூல் ஆஃப் மெடிசின் என்ற கரீபியன் கல்லூரியை நடத்துபவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. ஸ்டெப் 1-ல் கிட்டத்தட்ட 97 சதவீதத் தேர்ச்சி என்று அவர்கள் விளம்பரம் செய்தார்கள். தேர்வு எழுதத் தேவையான படிப்பை முடித்தவர்களில் 2017-லிருந்து தேறியது 35 சதவீதம்தான் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. ரெசிடென்சி கிடைத்தவர்கள் 83 சதவீதம் என்ற கணக்கும் தப்பு, உண்மையில் 63 என்றது. 12 லட்சம் டாலருக்கு வழக்கு முடிந்தது. எல்லாக் கல்லூரியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சதவீதம் சொல்லும் யாரிடமும் 'எத்தனை பேரில்?' என்று கேட்காமல் நகராதீர்கள்.

பட்டம் வாங்கினாலும் வேலை முடிவதில்லை. ரெசிடென்சி இல்லாமல் அந்த எம்.டி. பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே பிராக்டிஸ் செய்ய முடியாது. ரெசிடென்சி இடங்களை நாடு முழுக்க ஒரே நேரத்தில் பங்கிடும் ஏற்பாட்டுக்கு 'மேட்ச்' என்று பெயர். 2024 மேட்ச்சில் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கும், டி.ஓ. மாணவர்களில் 92.3 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அமெரிக்கக் குடிமக்களுக்கு 67 சதவீதம். இந்தப் பிரிவில் பெரும்பங்கு கரீபியன் பிள்ளைகள்தான். மூன்றில் ஒருவருக்கு அந்த வருடம் எதுவும் இல்லை என்று அர்த்தம். இந்த 67-லும் அதே 'எத்தனை பேரில்' ஒளிந்திருக்கிறது. இன்டர்வியூ கிடைத்து, தங்களுக்குப் பிடித்த வரிசையை எழுதிக் கொடுத்தவர்களை மட்டும்தான் மேட்ச் கணக்கில் எடுக்கும். ஒரு இன்டர்வியூகூட வராமல் ஒதுங்கிக்கொண்டவன் அந்தக் கணக்கிலேயே இல்லை.

எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்றும் சொல்கிறேன். செப்டம்பர் கடைசியில் விண்ணப்பங்கள் எங்கள் திரைக்கு வரும். இருக்கிற இடங்கள் சில டஜன், வருகிற விண்ணப்பங்கள் சில ஆயிரம். எல்லாவற்றையும் மனிதர் படிப்பது நடக்காத காரியம். மென்பொருளிலேயே வடிகட்டும் வசதி உண்டு: தேர்வில் ஒரு தடவை பெயிலானவர், பட்டம் வாங்கி இத்தனை வருடம் ஆனவர், வெளிநாட்டுக் கல்லூரியில் படித்தவர் என்று கட்டத்தில் ஒரு டிக் அடித்தால் அந்தப் பெயர்கள் பட்டியலில் இருந்து காணாமல் போகும். எங்கள் ப்ரோக்ராம் கடைசிக் கட்டத்தை டிக் செய்வதில்லை. செய்யும் ப்ரோக்ராம்கள் நிறைய. நாட்டின் எந்த மூலையிலும் ஃபேமிலி மெடிசின், இன்டர்னல் மெடிசின், பீடியாட்ரிக்ஸ் செய்யத் தயார் என்றால் கரீபியன் மாணவனுக்கு வழி இருக்கிறது. ஆர்த்தோ, டெர்மட்டாலஜி என்று ஆசை இருந்தால் அதை இப்போதே மறந்துவிட வேண்டியதுதான்.

நாத்தனார் மகள் படித்த காலத்துக்கும் இப்போதைக்கும் இன்னொரு வித்தியாசம். 2022 ஜனவரி வரை ஸ்டெப் 1-க்கு மூன்று இலக்க மதிப்பெண் இருந்தது. தீவில் படித்த பெண் 245 வாங்கிவிட்டால், பெரிய கல்லூரிப் பையனுக்குச் சமமாக எங்கள் மேஜையில் அவள் பெயர் நிற்கும். இப்போது அது வெறும் பாஸ் அல்லது பெயில். தன்னை நிரூபித்துக்கொள்ள மிச்சமிருப்பது அடுத்த கட்டமான, இன்னும் மதிப்பெண் தரும் ஸ்டெப் 2 ஒன்றுதான். ஒரு ஸ்டெப்பை அதிகபட்சம் நான்கு தடவைதான் எழுத முடியும். அதில் ஒரு தடவை சறுக்கினாலும் அது கடைசி வரை விண்ணப்பத்தில் நிற்கும்.

இனி பணம். கட்டணம், தீவில் தங்கும் செலவு, விமானம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நான்கு வருடத்தில் 3 லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். முன்பெல்லாம் அரசுக் கடன் பெறத் தகுதியுள்ள சில கரீபியன் கல்லூரிகளில் கிராட் பிளஸ் கடனாக முழுச் செலவையும் வாங்க முடிந்தது. 2025-ல் வந்த சட்டத்தின்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. மருத்துவம் படிப்பவருக்கு வருடத்துக்கு 50,000, மொத்தமாக 2 லட்சம் டாலர்தான் அரசுக் கடன். மிச்சத்துக்குத் தனியார் கடன், அதற்கு உங்கள் கணவரின் கையெழுத்து, அல்லது உங்கள் வீடு. கல்லூரி அந்த அரசுக் கடன் பட்டியலிலேயே இல்லாவிட்டால் முழுத் தொகையும் உங்கள் தலையில்தான்.

3 லட்சம் கடன், 8 சதவீத வட்டி என்று வையுங்கள். வருடத்துக்கு வட்டி மட்டும் 24,000. மாதம் 2,000. முதல் வருட ரெசிடென்ட்டின் சம்பளம் வரிக்கு முன்னால் 65,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். டாக்டராகிவிட்டால் இதை அடைத்துவிடலாம், நான் பயமுறுத்தவில்லை. மூன்றாவது செமஸ்டரில் திரும்பி வருகிறவனின் நிலைமைதான் பயங்கரம். பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை, லட்சத்தைத் தாண்டிய கடன் மட்டும் இருக்கும். அரசுக் கடன் என்றால் வருமானத்துக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ள வழி உண்டு. வீட்டின் மேல் வாங்கிய கடனுக்கு அந்தக் கருணை கிடையாது.

ஸ்காலர்ஷிப் என்று இரண்டு வாரக் கெடு வைப்பது விற்பனைத் தந்திரம், வேறொன்றுமில்லை. ஜனவரியில் கொடுக்கிற சீட்டை மே மாதமும் கொடுப்பார்கள்.

இப்போது உங்கள் கணவருக்கு. அவரிடம் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

ஆஸ்டியோபதி என்றதும் நம் ஊர் அப்பாக்களுக்கு புத்தூர் கட்டு நினைவுக்கு வருகிறது. எனக்கும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அப்படித்தான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மிசௌரியில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் தொடங்கியபோது அது வேறு மாதிரி இருந்தது உண்மை. இன்று டி.ஓ. மாணவன் படிப்பது அதே மருந்தியல், அதே சர்ஜரி. கூடவே எலும்பு, தசையைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் பயிற்சி இருநூறு மணி நேரத்தை ஒட்டி. அதைப் பட்டம் வாங்கிய பிறகு பெரும்பாலோர் தொடுவதேயில்லை. ஐம்பது மாநிலங்களிலும் எம்.டி.க்கு உள்ள அதே உரிமம். 2020-லிருந்து இரு தரப்புக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒரே அமைப்பின் கீழ். டிரம்பின் முதல் பதவிக்காலத்தில் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த சீன் கான்லி டி.ஓ.தான். பைடனுக்கு இருந்த கெவின் ஓ'கானரும் டி.ஓ.தான். அமெரிக்க ஜனாதிபதியின் உடம்பைப் பார்க்கப் போதுமான பட்டம் உங்கள் மகனுக்குப் போதாதா என்று அவரைக் கேளுங்கள்.

மகனுடைய எண்களைப் பாருங்கள். எம்.டி. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி எம்கேட் 511, 512, ஜி.பி.ஏ. 3.77 பக்கம். வருடத்துக்கு 52,000 பேர் போல விண்ணப்பித்து 23,000 பேர் சேர்கிறார்கள். 502-ஐ வைத்துக்கொண்டு, அதுவும் செப்டம்பர் கடைசியில், பதினெட்டு எம்.டி. கல்லூரிக்குப் போட்டால் பதில் வராமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. வருகிற விண்ணப்பங்களை வந்த வரிசையில் பார்த்து இடங்களை நிரப்பிக்கொண்டே போகிறார்கள். ஜூன் மாதம் போட்டவன் வரிசையின் முன்னால் இருப்பான். ஆனால் டி.ஓ. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி எம்கேட் 503, 504-ஐ ஒட்டித்தான். உங்கள் மகன் அந்த வட்டத்துக்குள்ளேயே நிற்கிறான். அந்த வழியைத்தான் இதுவரை அவன் தொடவேயில்லை.

உங்கள் மாநிலத்திலேயே ஸ்ட்ராட்ஃபோர்டில் ரோவன்-வெர்ச்சுவா டி.ஓ. கல்லூரி இருக்கிறது, அரசுப் பல்கலைக்கழகம். பக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் பி.சி.ஓ.எம்., லாங் ஐலண்டில் நியூயார்க் டெக், ஹார்லெமில் டூரோ. இவற்றோடு தொலைவில் உள்ளவையும் சேர்த்து இருபதுக்குக் குறையாமல் டி.ஓ. கல்லூரிகள், நியூ ஜெர்சியின் எம்.டி. கல்லூரிகள், அப்புறம் எண்கள் ஒத்துவரும் சில எம்.டி. கல்லூரிகள். விண்ணப்பம் மே மாதம் திறக்கும். ஜூன் முதல் இரண்டு வாரத்துக்குள் எல்லாம் போய்விட வேண்டும். சிபாரிசுக் கடிதங்களில் ஒன்றாவது ஒரு டி.ஓ. டாக்டரிடமிருந்து வாங்கட்டும், பல கல்லூரிகள் அதைப் பார்க்கின்றன.

எம்கேட்டை மறுபடி எழுதலாம், ஆனால் வெறும் நம்பிக்கையில் எழுதக் கூடாது. முழு நீள மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 507, 508 வந்தால் மட்டும் எழுதட்டும். குறைந்தால் அதுவும் பதிவில் நிற்கும், வாழ்நாளில் ஏழு தடவைதான் அனுமதி. நடுவில் இருக்கிற மாதங்களில் மெடிக்கல் ஸ்க்ரைபாகவோ (டாக்டருக்குக் குறிப்பெடுப்பவர்), ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாகவோ (அவசர உதவியாளர்) வேலை பார்க்கட்டும். நோயாளியின் பக்கத்தில் நின்ற அனுபவம் விண்ணப்பத்தில் தெரிகிறதா என்று நாங்கள்கூடப் பார்ப்போம். இன்னும் ஒரு வருடம் வீணாகிறதே என்பீர்கள். தீவில் ஒரு செமஸ்டர் திரும்பப் படித்து, ஒரு காம்ப் தவறி, ஒரு மேட்ச் தவறினால் போகும் காலத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இப்படி ஒழுங்காக இன்னொரு தடவை போட்டும் கிடைக்கவில்லை என்றால் கரீபியனைப் பற்றி அப்போது பேசலாம். அப்போதும் எல்லாக் கல்லூரியும் இல்லை, நான்கைந்துதான். அரசுக் கடன் பட்டியலில் இருக்கிறதா, சி.ஏ.ஏ.எம்.-ஹெச்.பி. அல்லது ஏ.சி.சி.எம். போல உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட அமைப்பின் அங்கீகாரம் உண்டா, நியூயார்க் மாநிலம் நீண்ட வார்டு பயிற்சிக்கு அனுமதித்திருக்கிறதா என்று பாருங்கள். முக்கியப் பயிற்சிகள் எல்லாம் ரெசிடென்சி நடக்கிற மருத்துவமனைகளிலேயே கிடைக்குமா என்பதும் முக்கியம். மாணவர்கள் இவற்றை 'கிரீன் புக்' ரொட்டேஷன் என்பார்கள். பிறகு அட்மிஷன் ஆளிடம் ஃபோனில் இல்லாமல் மின்னஞ்சலில் கேளுங்கள்: ஐந்து வருடத்துக்கு முன் முதல் செமஸ்டரில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் நான்கு வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர், முதல் முயற்சியிலேயே ரெசிடென்சி கிடைத்தவர்கள் எத்தனை பேர்? நல்ல கல்லூரி எண் கொடுக்கும். 'எங்கள் மாணவர்கள் அருமையானவர்கள்' என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

எம்கேட் 495-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிற பிள்ளைக்கு எந்தத் தீவும் மருந்தாகாது. ஸ்டெப் தேர்வுகளும் அதே பலவிடைக் கேள்வி, அதே கடிகாரம், அதைவிடப் பெரிய பாடம். அப்படிப்பட்ட பிள்ளையின் கையில் மூன்றே வாரத்தில் சீட் கொடுப்பது உதவியாகாது.

தீவு வாழ்க்கை பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரம் போகும், வாடகை அதிகம், சாம்பார்ப் பொடியைப் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். அதெல்லாம் பழகிவிடும். 1995-ல் எரிமலை வெடித்து மான்செராட்டிலிருந்து ஒரு கல்லூரியே இடம் பெயர்ந்தது. 2017-ல் மரியா புயலுக்குப் பிறகு ராஸ் மாணவர்கள் கொஞ்ச காலம் செயின்ட் கிட்ஸில் நிறுத்திய கப்பலில் படித்தார்கள், பிறகு டென்னசியில். 2019-ல் கல்லூரி பார்படோஸுக்கே போய்விட்டது. இப்படி அடி வாங்கியும் படித்துத் தேறியவர்களும் உண்டு.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சகோதரியின் மகன் இங்கே பிறந்தவன் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதியிருக்கிறேன். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கும் குடும்பத்துப் பிள்ளை, 21 வயதில் ஹெச்-4 (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) முடிந்துவிடும் நிலையில் இந்த வழியைப் பார்த்தால் கணக்கு இன்னும் கடுமை. அரசுக் கடன் கிடையாது. வார்டு பயிற்சிக்கு விசா வேண்டும். ரெசிடென்சிக்குப் பெரும்பாலும் ஜே-1, அது முடிந்ததும் இரண்டு வருடம் இந்தியா திரும்ப வேண்டும் அல்லது அதிலிருந்து விலக்கு வாங்க வேண்டும். 2024 மேட்ச்சில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு 58.5 சதவீதம்தான் கிடைத்தது. சரி, கிடைக்காவிட்டால் இந்தியாவில் பிராக்டிஸ் செய்யலாமே என்றால் அதுவும் நடக்காது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் போட்ட விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப், பயிற்சி முழுவதும் பட்டம் கொடுக்கும் நாட்டிலேயே நடந்திருக்க வேண்டும். பாதித் தீவிலும் பாதி அமெரிக்காவிலும் படித்த பட்டம் அதில் தேறாது. நீட் எழுதிச் சீட் கிடைக்காத பிள்ளைகளை 'கரீபியன் வழியாக அமெரிக்கா' என்று சென்னையிலும் கோவையிலும் கூப்பிடும் ஏஜென்ட்டுகள் இந்த விதியைத் தாங்களாகச் சொல்வதில்லை.

சகோதரி, உங்கள் கடிதத்தில் கணவர் இருக்கிறார், நாத்தனார் மகள் இருக்கிறாள், அட்மிஷன் ஆளும் இருக்கிறார். மகன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. தீவில் தனியாக அறையில் உட்கார்ந்து தினமும் பத்து மணி நேரம் படிக்கப்போவது அவன். யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவனைக் கேளுங்கள், நானாக இருந்தால் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கேட்பேன், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் உண்மை வரும். டாக்டர்தான் ஆக வேண்டும் என்று அவன் சொன்னால் மேலே எழுதியதெல்லாம் அவனுக்கு. தயங்கினால் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், நர்ஸ் பிராக்டிஷனர் என்று நோயாளிகளோடு வேலை செய்யும் வேறு படிப்புகளும் இருக்கின்றன.

கட்டிய டெபாசிட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பணம் திருப்பித் தருவது பற்றி ஒரு பத்தி இருக்கும், அதில் கடைசித் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டவில்லை என்றால் இன்றைக்கே மகன் பெயரில் மின்னஞ்சல் போகட்டும், சேரவில்லை என்று ஒரே வரி போதும். தேதி தாண்டியிருந்தாலும் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் அந்தப் பணத்தோடு விட்டுவிடுங்கள்.